நிமிடத்திற்கு 60 சொற்கள்

சென்ற திங்கள் இப்பகுதியில் தலைநகரின் குளிர்காலக் காய்கறிகளைப் பற்றி எழுதத் தொடங்கி, மிகுதியை இவ்விதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கடுகுக் கீரையும் சிவப்பு முள்ளங்கியும் இன்னும் ஒரு திங்கள் பொறுத்துக்கொள்ளட்டும். இடையே ஒரு சிறுமியின் காரியம் வந்து குறுக்கிட்டுவிட்டது. அது அவள் ஒருத்தியின் காரியமாக மட்டும் இருந்திருந்தால் ஏட்டில் ஏற்றியிருக்க மாட்டேன். பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து, பிள்ளைகளை வேற்று மொழி வழங்கும் பள்ளிகளில் சேர்த்திருக்கும் நம் இல்லங்கள் பலவற்றில் இதே பேச்சு நடந்துகொண்டிருப்பதை அறிவேன். ஆகையால் எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. வீட்டுக்காரருக்கு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உத்தியோகம். ஒரே பெண், மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு எல்லோருக்கும் முன்பாக வந்து, முன் வரிசையில் இடம் பிடித்துக்கொள்பவள். அவ்வகுப்பை நடத்துபவன் அடியேன் என்பது வாசகர்கள் அறிந்ததே.

ஒரு நாள் மாலை அவள் தாயார் கையில் ஒரு துண்டுத் தாளுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பள்ளியிலிருந்து வந்த தாள். 'இந்தி வாசிப்பு: நிமிடத்திற்கு 31 சொற்கள். எதிர்பார்க்கப்படுவது 60. வினாக்கள் ஐந்தில் சரியானது ஒன்று' என்று அதில் எழுதியிருந்தது. கீழே சிவப்பு மையில் ஒரு வரி: வீட்டில் இந்தியிலேயே பேசுக.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாமா. ரெண்டு மொழியையும் போட்டுக் குழந்தையைக் குழப்பிட்டோமோன்னு அவருக்கு ஒரே கவலை. கொஞ்ச நாளைக்கு ஞாயித்துக்கிழமை வகுப்பு வேண்டாம்னு நெனைக்கிறோம். வீட்லயும் இந்தியே பேசிப் பழகலாம்னு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாளுக்கு இந்தி, காய்கறி வண்டிக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்கு வரும். அதற்கு மேல் வராது. மகளோடு இனி அந்த அளவு மொழியில்தான் பேசுவது என்று ஒரு தாய் முடிவு செய்திருக்கிறார். காரணம் ஒரு துண்டுத் தாள்.

சிறுமியைக் கூப்பிட்டு, வாசிக்கக் கொடுத்த பகுதி எதைப் பற்றியது என்று கேட்டேன். லோடிப் பண்டிகையைப் பற்றியதாம். தை பிறப்பதற்கு முந்தின இரவில் பஞ்சாபியர்கள் நெருப்பு வளர்த்துக் கொண்டாடுவார்களே, அதுதான். "நம்ம போகி மாதிரிதான் தாத்தா. ஆனா இவங்க ராத்திரி கொளுத்துறாங்க, நாம விடியக்காத்தால கொளுத்துவோம். நாம பழைய பாய், துடைப்பம் எல்லாம் போடுவோம். இவங்க வேர்க்கடலை, பொரி, எள்ளு மிட்டாய் போடுறாங்க. திங்கிறதை ஏன் தாத்தா நெருப்புல போடணும்?"

இதையெல்லாம் பள்ளியில் சொன்னாயா என்றேன். "கேட்டாங்க. எனக்கு இந்தியில சொல்ல வரல" என்றாள்.

அன்று இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஒரு பகுதியை வாசித்து, அதைத் தான் அறிந்த ஒன்றோடு ஒப்பிட்டு, எது ஒன்றுகிறது, எது மாறுகிறது என்று பிரித்து, முடிவில் ஆசிரியரே எண்ணிப்பார்த்திராத ஒரு கேள்வியையும் எழுப்புகிற குழந்தையை 'வாசிக்கத் தெரியாதவள்' என்று ஒரு தாள் சொல்கிறது. தாள் பொய் சொல்லவில்லை. அவள் அந்த ஒரு நிமிடத்தில் 31 சொற்களைத்தான் வாசித்தாள். அப்படியானால் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் இந்த அறுபது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் கல்வி அமைச்சகம் 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 'நிபுண் பாரத்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் பொருள் உணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வல்லதாதல் வேண்டும், 2026-27ஆம் கல்வியாண்டுக்குள் இது கைகூட வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நோக்கம் நிறைவேறியதா என்று அளந்து பார்க்க ஒரு கோல் வேண்டுமே! இரண்டாம் வகுப்புக் குழந்தை முன்பின் பார்த்திராத பகுதி ஒன்றை நிமிடத்திற்கு 45 முதல் 60 சொற்கள் வரையிலும், மூன்றாம் வகுப்புக் குழந்தை குறைந்தது 60 சொற்களும் வாசிக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தார்கள். அந்த எண்தான் நம் சிறுமியின் தாளிலும் வந்து அமர்ந்திருக்கிறது.

வேகத்தை ஏன் அளக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதற்கு நியாயம் உண்டு. எழுத்தைக் கூட்டுவதிலேயே தன் வலிமை முழுவதையும் செலவிடும் குழந்தை, வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் முதற்சொல்லை மறந்துவிடுகிறது. எழுத்து தானாகக் கண்ணில் பட்டு வாயில் வரத் தொடங்கிய பின்புதான் மனம் பொருளின்பால் திரும்ப முடியும். அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து ஸ்டான்லி டெனோ என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1970களின் இறுதியிலும் 1980களிலும் இந்த ஒரு நிமிட முறையை வகுத்தபோது, அது ஆசிரியரின் கையில் இருக்கும் ஒரு சிறு கருவியாகவே இருந்தது. வாரந்தோறும் அதே குழந்தையை வாசிக்கச் சொல்லி, நாம் கற்பிப்பது பலிக்கிறதா, முறையை மாற்ற வேண்டுமா என்று ஆசிரியர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்வதற்கு அது பயன்பட்டது. மருத்துவர் காய்ச்சலைப் பார்க்கும் கண்ணாடிக் குழாயைப் போன்றது. காய்ச்சல் இருக்கிறது என்று குழாய் சொல்லும். எதனால் என்று சொல்லாது. வீட்டில் எந்த மொழி பேசலாம் என்று கட்டாயம் சொல்லாது.

மறுநாள் நான் ஒரு பேதைமை செய்தேன். சிறுமியின் தாயாருக்குத் தேறுதல் சொல்லும் எண்ணத்துடன், சிறுவர் இதழ் ஒன்றில் வந்த அண்ணன் தம்பி கதையை எடுத்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைத் தமிழில் வாசிக்கச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் 33 சொற்கள் வாசித்தாள். நான்கு தவறு. ஆக 29. "தமிழ்ல அதை விடக் குறைச்சலா மாமா!" என்று அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. ஆறுதல் சொல்லப் போனவன் துயரத்தைக் கூட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அதே பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, அரைகுறையான என் இந்தியில் அதை ஒருவாறு பெயர்த்து எழுதிப் பார்த்தேன். 33 தமிழ்ச் சொற்கள் இந்தியில் 51 சொற்களாயின. அப்போதுதான் கண் திறந்தது.

இரண்டு மொழியும் பழகிய வாசகர்களுக்கு இதை விளக்க ஒரு வாக்கியம் போதும். 'நான் வீட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன்' என்பது மூன்று சொற்கள். இதையே இந்தியில் 'மைம் கர் சே ஆ ரஹா ஹூம்' என்றால் ஆறு சொற்கள். நாம் வேற்றுமை உருபையும், காலத்தையும், இடத்தையும், எண்ணையும் சொல்லோடு ஒட்டி ஒரே மூச்சில் சொல்கிறோம்; அவர்கள் பிரித்துப் பிரித்து எழுதுகிறார்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்ற ஒரு சொல்லில் பதினோர் எழுத்துகள். அதைத் தட்டுத் தடுமாறியேனும் வாசித்து முடித்த குழந்தைக்குக் கணக்கில் ஒன்று. 'சே' என்ற ஓரெழுத்தை வாசித்த குழந்தைக்கும் கணக்கில் ஒன்று. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் அச்சகங்களில் ஒருவர் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று சேர்த்து அடிப்பார். ஒருவர் 'வந்து கொண்டிருக்கிறேன்' என்று இரண்டாக்குவார். சிறுவர் பாடநூலில் 'வந்து கொண்டு இருக்கிறேன்' என்று மூன்றாகவும் காணலாம். ஒரே வாக்கியத்தை ஒரே குழந்தை ஒரே வேகத்தில் வாசித்தாலும், அச்சுக் கோத்தவரின் கைப்பழக்கத்திற்கு ஏற்ப அவள் கெட்டிக்காரியாகவும் மந்தமானவளாகவும் ஆவாள்! தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் நம் அண்டை வீட்டாருக்கும் இதே நிலைதான்.

இதை நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக வாசகர்கள் கொள்ள வேண்டாம். அறிஞர்கள் முன்பே அறிந்தது இது. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தார் நாடெங்கும் ஏறத்தாழ 10,000 பள்ளிகளில், 86,000 மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைத் தனித்தனியே அமர்த்தி, 20 மொழிகளில் வாசிக்கச் செய்து பார்த்தனர். அதன் பயனாக ஒவ்வொரு மொழிக்கும் வாசிப்பு வேகத்தின் அளவைத் தனித்தனியே வகுத்தனர். ஒரு மொழியின் எண்ணை இன்னொரு மொழியின் எண்ணோடு ஒப்பிடுவது, கிலோவையும் முழத்தையும் ஒப்பிடுவது போலத்தான். ஆயினும் எண் சிறியதாகவும் எளியதாகவும் இருப்பதால் அது தனியே கிளம்பிவிடுகிறது. அதற்குரிய விளக்கம் பின்தங்கிவிடுகிறது. துண்டுத் தாளில் விளக்கத்துக்கு ஏது இடம்?

இனி அந்த நான்கு தவறுகளைச் சொல்ல வேண்டும். அவற்றுள் மூன்று என் தவறு என்றே இப்போது எண்ணுகிறேன். கதையில் 'அவர்கள் வந்தார்கள்' என்று இருந்ததை அவள் 'அவங்க வந்தாங்க' என்று வாசித்தாள். தவறு இரண்டு என்று குறித்தேன். 'என்று கூறினான்' என்பதில் 'கூறினான்' என்பதைச் 'சொன்னான்' என்றாள். தவறு மூன்று என்று குறித்தேன். எழுத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போகிற குழந்தைக்குக் 'கூறினான்' ஒருநாளும் 'சொன்னான்' ஆகாது. எழுத்திலிருந்து பொருளை எடுத்து, அப்பொருளைத் தன் வீட்டுப் பேச்சில் வைத்துத் தந்தால் மட்டுமே அப்படி வரும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே இத்தனை தொலைவு உள்ள நம் மொழியில், ஒரு குழந்தை அத்தொலைவை ஒரு நொடியில் தாண்டிக் காட்டுகிறது. கடிகாரம் பிடித்தவன் பென்சிலால் அடித்துவிடுகிறான். நான்காவது மட்டும் உண்மையான தவறு. ஒரு வரியைத் தாண்டிவிட்டுப் பின்பு திரும்பி வந்தாள்.

இந்தி வாசிப்பில் நேர்ந்த தவறுகளையும் விசாரித்தேன். அவற்றில் ஒன்றை இங்கே எழுதிக் காட்டவே நம் எழுத்து இடங்கொடுக்கவில்லை! உணவுக்கு இந்தியில் ஒரு சொல், பாட்டுக்கு ஒரு சொல். நாம் எழுதினால் இரண்டும் 'கானா'தான். இந்தியில் ககரத்துக்கு நான்கு எழுத்துகள்; நமக்கு ஒன்று. முதல் வகுப்பைக் காஞ்சியில் படித்துவிட்டு வந்த குழந்தையின் நாக்கு அந்த நான்கையும் பிரித்தறிய நாளாகும். பண்டிகையைப் பற்றிய பகுதியில் உண்பதும் வருகிறது, பாடுவதும் வருகிறது. அவள் நாக்கில் இரண்டும் ஒன்றாக ஒலித்திருக்கின்றன. அவள் உள்ளத்தில் அவை ஒன்றாகிவிடவில்லை என்பதற்கு அவள் என்னிடம் சொன்ன வேர்க்கடலையும் எள்ளு மிட்டாயுமே சான்று. 'ரேவடி', 'கஜக்' என்னும் தின்பண்டப் பெயர்களிலும் நின்று நின்று வாசித்தாளாம். எங்கள் கட்டடத்துப் பஞ்சாபிக் குழந்தை அவ்விடத்தில் நிற்காது. பெயரைக் கண்டதும் நாவில் நீர் ஊறி, வாசிப்பு விரைந்து ஓடும்.

வாசிப்பு என்பது தாளில் இருப்பதை மட்டும் எடுப்பதன்று. வாசிப்பவர் தம் மடியில் முன்பே வைத்திருப்பதோடு சேர்த்து எடுப்பது. இதற்கு அமெரிக்காவில் செய்யப்பட்ட இரண்டு பழைய ஆராய்ச்சிகள் நல்ல சான்று. முதலாவதில் நம்மவரும் இடம் பெறுகிறார்கள் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 1979ஆம் ஆண்டில் ஸ்டெஃபன்சன், ஜோக்தேவ், ஆண்டர்சன் என்னும் மூவர், ஓர் அமெரிக்கத் திருமணத்தையும் ஓர் இந்தியத் திருமணத்தையும் விவரிக்கும் இரண்டு கடிதங்களை எழுதி, இந்தியர் சிலரிடமும் அமெரிக்கர் சிலரிடமும் கொடுத்தார்கள். இரண்டு கடிதமும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. அவரவர் தம் நாட்டுத் திருமணக் கடிதத்தை விரைவாக வாசித்தனர்; மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். மற்றதில் இடறினர். அமெரிக்க மணப்பெண் தன் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள் என்று கடிதம் கூறியது. அங்கே அது பெருமைக்குரிய வழக்கம். இந்திய வாசகர் ஒருவரோ, பாவம், பெண்ணின் உடை பழையது, நாகரிகம் போய்விட்டது என்று நினைவுகூர்ந்தார்! அமெரிக்கர்களும் இளைத்தவர்கள் அல்லர். நம் கடிதத்தில் வரதட்சிணையைக் குறித்து வந்த செய்தி, அவர்களுள் சிலருக்கு இரு வீட்டாரும் அன்பளிப்பு மாற்றிக்கொண்டதாகப்பட்டது. பெண்ணைப் பெற்ற நம் வாசகர்கள் எவரும் அப்பிழையைச் செய்ய மாட்டார்கள். சோதித்துப் பார்த்திருந்தால் இரு சாராரும் ஒரு தாளில் தேறியும் ஒரு தாளில் தோற்றும் இருப்பார்கள். இத்தனைக்கும் இவர்கள் வளர்ந்தவர்கள், எழுத்தறிவு நிரம்பியவர்கள்.

இரண்டாவது, 1988இல் ரெக்ட், லெஸ்லி என்னும் இருவர் செய்தது. ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவர் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு கட்டத்தை விவரிக்கும் பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்புச் சோதனையில் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தும் ஆட்டம் நன்கு அறிந்த பிள்ளைகள், உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தும் ஆட்டம் அறியாத பிள்ளைகளைக் காட்டிலும் அப்பகுதியை நன்றாகப் புரிந்துகொண்டு நடித்தும் சொல்லியும் காட்டினர். பேஸ்பாலுக்குப் பதில் கிரிக்கெட்டை வைத்துப் பாருங்கள். 'சில்லி பாயின்டில் பிடி கொடுத்தார்' என்ற வாக்கியத்தைச் சங்க இலக்கியம் முழுதும் கரைத்துக் குடித்த புலவர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

இவ்வளவும் சொன்னதனால் சோதனையே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். அது பெரும் பிழை. 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனத்தார் 2005 முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வைப் பாருங்கள். கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, குழந்தையை அருகே அமர்த்தி, எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு கதை என்று வாசிக்கச் சொல்கிறார்கள். கடிகாரம் பிடிப்பதில்லை. 2018இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க வல்லவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 50 பேர். பெருந்தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்த பின் 2022இல் அது 43 அளவுக்கு இறங்கியது. 2024இல் மீண்டும் பாதியை நெருங்கியிருக்கிறது. இந்தச் சோதனை இல்லையேல், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், ஆகவே படிக்கிறார்கள் என்று நாடு எண்ணிக்கொண்டே இருந்திருக்கும். கோடிக்கணக்கான குழந்தைகளின் நிலையை ஒருசேரச் சொல்ல எண்ணைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அவ்வாய்வு கிராமங்களுக்கே உரியது. நகரங்களில் குடியேறிய நம் போன்றோரின் பிள்ளைகள் அதில் இடம்பெறுவதில்லை. அன்றியும், நூற்றுக்கு இத்தனை பேர் என்று சொல்வது ஒன்று; உன் மகள் இப்படி என்று சொல்வது மற்றொன்று.

சோதனையின் குறையைச் சாக்காகக் கொண்டு நழுவியதும் உண்டு. அது நம் தாயகத்தைத் தொட்ட கதை. பதினைந்து வயது மாணவர்களின் வாசிப்பையும் கணிதத்தையும் அறிவியலையும் நாடுகள்தோறும் அளக்கும் 'பிசா' சோதனையின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில், தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டன. 2011 இறுதியில் முடிவு வந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் கலந்துகொண்ட பட்டியலில் இரண்டும் கடைசி வரிசையில் நின்றன. வாசிப்பிலும் கணிதத்திலும் கிர்கிசுத்தான் மட்டுமே அவற்றுக்குக் கீழ். வினாக்கள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்குப் பொருந்தாதவை என்று தில்லியில் காரணம் சொல்லப்பட்டது. அதன்பின் 2012, 2015, 2018 ஆகிய மூன்று சுற்றுகளிலும் இந்தியா கலந்துகொள்ளவில்லை. மேலே நான் திருமணக் கடிதத்தைக் கொண்டு சொன்ன வாதமும் ஏறக்குறைய இதுதானே என்று வாசகர் கேட்பது என் காதில் விழுகிறது. வாதம் ஒன்றுதான். பொருந்தாத வினாக்கள் சில இருந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு தாழ்ந்த இடத்தை அவை மட்டும் தேடித் தந்திருக்க முடியாது. குறை கூறியவர்கள், பொருத்தமான வினாக்களைக் கொண்டு தாமே பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து, வந்த முடிவை வெளியிட்டிருந்தால் அவ்வாதத்தை நான் ஏற்றிருப்பேன்.

ஆகவே நம் சிறுமியின் 31ஐ நானும் தள்ளிவிடவில்லை. அவள் வாசிப்பு விரைவு பெற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மூன்றாவது மொழியில் ஒன்றரை ஆண்டு வயதுள்ள வாசிப்பு அது. நாளும் பழகினால் ஓடும். இங்கே பெற்றோர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தாய்மொழியில் தாராளமாக வாசித்து, பள்ளி மொழியில் மட்டும் தயங்கும் குழந்தைக்குத் தேவை பழக்கம். தனக்கு நன்கு தெரிந்த மொழியிலும், நன்கு கற்பித்த பின்பும், எழுத்துகளை விட்டுவிட்டோ மாற்றியோ வாசித்துக்கொண்டே இருக்கிற குழந்தையின் காரியம் வேறு. முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'டிஸ்லெக்சியா' என்று சொல்லப்படும் கற்றல் இடர்ப்பாடு உண்டா என்று அதற்கென்று பயின்றவர்களைக் கொண்டு பார்க்கச் செய்ய வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலம் தாழ்த்துவதில்தான் தீங்கு. ஒரு நிமிடச் சோதனை இவ்விரண்டு குழந்தைகளையும் ஒரே எண்ணால் குறிக்கிறது. பிரித்தறிவது பக்கத்தில் அமர்ந்து கேட்பவரின் வேலை.

தமிழை நிறுத்தினால் இந்தி வளருமா என்பதுதான் அந்த அம்மாள் என்னிடம் கேட்காமல் கேட்ட கேள்வி. சொல்வளமும் கதை கேட்கும் பழக்கமும் காரண காரியம் பேசும் திறமும் எந்த மொழியில் வளர்ந்தாலும் அடுத்த மொழிக்குக் கைகொடுக்கும். போகியைத் தமிழில் அறிந்திராவிட்டால் லோடியை அவள் இந்தியில் அந்த அளவுக்கேனும் விளங்கிக்கொண்டிருப்பாளா? வீட்டில் அரை இந்தி பேசப்படுமானால் அவளுக்கு நல்ல இந்தியும் கிடைக்காது, இருக்கும் தமிழும் போய்விடும். நல்ல இந்தி பள்ளியிலும் தெருவிலும் தோழியரிடமும் இருக்கிறது. மூன்றாம் மாடியில் இருப்பது நல்ல தமிழ்.

இதையெல்லாம் அந்த அம்மாளிடமும் அவர் கணவரிடமும் ஒரு மாலைப் பொழுது முழுவதும் பேசினேன். பின்பு அவர் ஆசிரியையைச் சென்று பார்த்தார். ஆசிரியை கடுமையானவர் அல்லர். வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். மூன்று நாளில் அத்தனை பேரையும் சோதித்து எண்களை அனுப்ப வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. "ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எனக்கு ஏது நேரம்?" என்றாராம். தகப்பனார் போகிக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, அடுத்த முறை வாய்விட்டு வாசிக்கச் சொல்லாமல் தனியே படித்துவிட்டுப் படம் வரைந்து காட்டச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அப்படியே செய்யவும் செய்தார். சிறுமி கிணற்றில் பந்து விழுந்த கதையைப் படித்துவிட்டு, கிணறு, பந்து, கயிறு, அதை இறக்குகிற கிழவர் என்று எல்லாவற்றையும் வரைந்திருக்கிறாள். கதையில் இல்லாத ஒரு பூனையும் கிணற்றுக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறது. எண் மட்டும் தாளில் பழையபடியே 31 என்றிருக்கிறது. படத்துக்கு அதில் கட்டம் இல்லை.

ஆண்டுத் தேர்வு வரை பார்ப்போம் என்று பெற்றோர் இசைந்திருக்கிறார்கள். கடந்த ஞாயிறு சிறுமி வகுப்புக்கு வந்திருந்தாள். தின்கிற பண்டத்தை ஏன் நெருப்பில் போட வேண்டும் என்று மறுபடியும் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. பஞ்சாபி இல்லங்களுக்கு அண்டையில் வாழும் நம் வாசகர் எவரேனும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, சங்க முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினால் வகுப்பிலேயே வாசித்துக் காட்டுகிறேன். கடுகுக் கீரை அடுத்த திங்கள்.